பள்ளி மூடலாம், தொண்டுக் கழகம் மூடலாமா?



ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பள்ளியின் கழகங்கள் தத்தம் ஆண்டுத் திட்டத்தைப் புறப்பாடத் துணைத்தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கின்றன. முதல் சந்திப்பில் செயலவைத் தேர்வு, அடுத்து வளாகத் துப்புரவுப் பணி, ஆண்டின் நடுவில் முதியோர் இல்ல வருகை, ஆண்டிறுதியில் பொதுக்கூட்டம் என்று தொண்டுக் கழகத்தின் திட்டமும் அதில் இருக்கும். ஆனால், "பள்ளி திடீரென மூடப்பட்டால் இக்கழகம் என்ன செய்யும்?" என்பதற்கு ஒரு வரி விடைகூட நான் பார்த்த திட்டங்களில் இல்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளைக் கடந்து வந்த பின்னரும் இல்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கோவிட்-19 முடிந்துபோன கதை, அதை ஏன் மீண்டும் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அவசரநிலை நீங்கியதாக அறிவித்தது உண்மைதான். ஆயினும் பள்ளி மூடப்படுவது நமக்குப் புதிதன்று. 2003இல் சார்ஸ் நோயால் சிங்கப்பூர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. 2009இல் எச்1என்1 காய்ச்சலால் மலேசியாவில் சில பள்ளிகள் மூடப்பட்டன. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் வட்டாரத்தில் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவினால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளும், அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டத்தால் பல மாநிலங்களில் ஏராளமான பள்ளிகளும் மூடப்பட்டன. வெள்ளத்தால் மூடப்படும் பள்ளிகள் ஆண்டுதோறும் உண்டு. ஆக, அடுத்த முறையும் வரும். எப்போது, எதனால் என்பது மட்டுமே நமக்குத் தெரியாது.

முதலில் நின்றது எது?

2020 மார்ச்சில் பருவ விடுமுறைக்கு வீடு சென்ற பிள்ளைகள், விடுமுறை முடிந்தும் பள்ளிக்குத் திரும்பவில்லை. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்துவிட்டது. தொடக்கப்பள்ளிகள் ஜூலையில் திறந்தன. நவம்பரில் மீண்டும் மூடின. 2021 ஜனவரியில் புதிய கல்வியாண்டே இல்லிருப்புக் கற்றலுடன்தான் பிறந்தது. மார்ச்சில் பிள்ளைகள் வந்தார்கள். மே மாதத்தில் மீண்டும் வீட்டோடு இருந்தார்கள். அக்டோபரில்தான் படிப்படியாகப் பள்ளி வாயில்கள் திறந்தன.

இந்த அலைக்கழிப்பில் பாடத்தைக் காப்பாற்ற எல்லாரும் ஓடினோம். கூகுள் மீட், புலனக் குழு, அச்சிட்ட பயிற்சித் தாள் என்று எதைக் கொண்டாவது கணிதத்தையும் மொழியையும் பிள்ளைகளிடம் சேர்க்க முயன்றோம். 2021 பிப்ரவரி முதல் டிடிக் டிவியும் சேர்ந்துகொண்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புறப்பாடம் முதல் நாளிலேயே நின்றது; கடைசியாகத்தான் திரும்பியது.

விளையாட்டு நின்றதற்குக் காரணம் இருந்தது. முகாம்களும் அணிவகுப்பும் நின்றதற்கும் காரணம் இருந்தது. தொண்டுக் கழகம் நின்றதற்கு என்ன காரணம்? வேலை போன வீடுகள் இருந்தன; தனித்துக் கிடந்த முதியவர்கள் இருந்தார்கள்; இறப்பு வீடுகள் இருந்தன. தொண்டு மிகுதியாகத் தேவைப்பட்ட காலத்தில், அதற்கென்றே அமைந்த கழகம் மழை நாளில் மடக்கி வைத்த குடையாகிவிட்டது.

மின்சான்றிதழ் மழை

"எங்கள் கழகம் நிற்கவில்லை, இயங்கலையில் நடந்தது" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அவற்றுள் சில உண்மையாகவே உழைத்தன, அவற்றை வணங்குகிறேன். பல இடங்களில் நடந்தது வேறு. பத்து வினாக்கள் கொண்ட புதிர்ப்போட்டி ஒன்று இணையத்தில் வரும். பிள்ளை விடையைத் தட்டுவான். அடுத்த நொடியே வண்ண வண்ண மின்சான்றிதழ் வந்துவிடும். பெற்றோர் அதை முகநூலில் ஏற்றுவார்கள். ஆசிரியர் திரையைப் படம்பிடித்து ஒரு பக்க அறிக்கை தயாரிப்பார். கோப்பு நிறைந்துவிடும்.

இதனால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது? ஒரு முதியவரின் தனிமை குறைந்ததா? வகுப்பில் காணாமற்போன ஒரு பிள்ளை கண்டுபிடிக்கப்பட்டானா? ஒருவருக்கேனும் ஒரு வேளைச் சோறு கிடைத்ததா? இல்லையெனில், அங்கே நடந்தது தொண்டுக் கழகம் அன்று. தொண்டைப் பற்றிய புதிர்ப்போட்டி.

அறிக்கை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புறப்பாடத்திற்கு மதிப்பீடு உண்டு. மதிப்பீட்டிற்குச் சான்று வேண்டும். பிற்காலத்தில் உயர்கல்விக் கூடங்களுக்கு விண்ணப்பிக்கும்போதும் புறப்பாடப் புள்ளிகள் கணக்கில் சேர்கின்றன என்பதால், பெற்றோர் சான்றிதழைத் தேடுவதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் சான்றிதழ் தொண்டின் நிழல். ஆள் இல்லாமல் நிழல் மட்டும் நடமாடினால் அதற்கு வேறு பெயர்.

வாங்கும் கை மட்டுமா?

தமிழ்ப்பள்ளிக்கு இந்தக் கேள்வி மற்றப் பள்ளிகளைவிட ஒரு படி முக்கியமானது என்று நான் கருதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். அவர்கள் சிறு வயதிலிருந்தே உதவி வாங்கிப் பழகியவர்கள். புத்தகப்பை, காலணி, சீருடை, தீபாவளிப் பொட்டலம் என்று வரிசையில் நிற்பதும், கைநீட்டி வாங்குவதும், நன்றி சொல்லிப் படத்திற்குச் சிரிப்பதும் அவர்களுக்குத் தெரியும். கொடுப்பவர்கள் நல்ல மனத்துடன்தான் கொடுக்கிறார்கள். ஆனால், ஆறு ஆண்டுகள் வாங்கும் வரிசையில் மட்டுமே நின்ற பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வான்?

தொண்டுக் கழகம்தான் அந்தப் பிள்ளை வரிசையின் மறுபக்கம் நிற்கும் இடம். "என்னாலும் ஒருவருக்கு ஆகும்" என்று அவன் அறிந்துகொள்ளும் இடம். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாங்குபவர்களாகவே ஆகிவிட்டார்கள். பாடத்தை வாங்கினார்கள், கட்டளையை வாங்கினார்கள், ஏச்சையும் வாங்கினார்கள். கழகத்தையும் மூடிவிட்டால், கொடுப்பதற்கு அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே வாசலையும் அடைத்ததாகாதா?

திருக்குறளில் 'ஈகை' 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னதாக 22ஆம் அதிகாரமாக 'ஒப்புரவறிதல்' வைக்கப்பட்டுள்ளது. இல்லாதவர்க்குப் பொருள் தருவது ஈகை. தன்னைச் சூழ்ந்துள்ள ஊரோடு ஒத்திசைந்து, அதற்குப் பயன்படுமாறு வாழ்வது ஒப்புரவு. நாம் தொண்டு என்றவுடன் ஈகையை மட்டுமே நினைக்கிறோம். அரிசி மூட்டையும் பணமும் இல்லாமல் தொண்டில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளையிடம் அரிசி மூட்டை இல்லை. ஆனால் குரல் இருக்கிறது; கையெழுத்து இருக்கிறது; நினைவு இருக்கிறது. ஒருவரைத் தேடி நலம் விசாரிக்க அவை போதும். நம் வீடுகளில் 'சாப்பிட்டாச்சா?' என்ற ஒரு கேள்விக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கூடாமலே நடந்த மன்றம்

"கூடாமல் எப்படிக் கழகம் நடத்துவது?" என்று கேட்பவர்கள் நம் சொந்த வரலாற்றையே ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1950களில் கோ. சாரங்கபாணி தமது தமிழ் முரசு நாளிதழில் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியை நடத்தினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடந்த மாணவர்கள் அதில் எழுதினார்கள்; பிறர் எழுதியதைப் படித்தார்கள். தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் முகம் பாராமலே ஒரே மன்றத்தைச் சேர்ந்தவர்களாக உணர்ந்தார்கள். செய்தித்தாளின் பக்கமே அவர்களுக்கு மன்றக் கூடம். பின்னர் ஊர்தோறும் மணிமன்றங்கள் எழுந்து, நாடு தழுவிய இளைஞர் இயக்கமாக வளர்ந்ததற்கு அந்தப் பக்கமே வித்து.

அப்போது அவர்களிடம் திறன்பேசி இல்லை, தொலைக்காட்சிகூட இல்லை. அஞ்சல் தலையும் தாளும்தான் இருந்தன. அவர்களை இணைத்தது ஓர் ஒழுங்கு: குறித்த நாளில் பக்கம் வரும், அதில் எழுதியவரின் பெயர் வரும், அடுத்த முறையும் வரும். ஒரு கழகம் உயிரோடிருக்க வேண்டியது இந்தத் தொடர்ச்சிதான். கட்டடமும் கூட்டமும் இருந்தால் நன்று. இல்லாவிட்டாலும் தொடர்ச்சி இருந்தால் கழகம் இருக்கும்.

பிள்ளைகளால் ஆகக்கூடிய தொண்டு

நான் பொறுப்பேற்றிருந்த கழகத்திலும், நண்பர்களின் பள்ளிகளிலும் நடைமுறையில் நின்று பயன் தந்தவற்றை மட்டும் இங்கே தருகிறேன். எதற்கும் பெரும்பணம் தேவைப்படவில்லை.

1. வார அழைப்பு. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒருவர் பொறுப்பு. அவர் தாத்தா பாட்டியாக இருக்கலாம். அண்டை வீட்டு முதியவராக இருக்கலாம். நெடுநாள் வகுப்புக்கு வராத தோழனாக இருக்கலாம். வாரம் ஒருமுறை, பெற்றோர் அருகில் இருக்க, அழைத்துப் பேச வேண்டும். மூன்று கேள்விகள் போதும்: சாப்பிட்டீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது? ஏதாவது வேண்டுமா? பேசி முடித்ததும் ஆசிரியருக்குப் புலனத்தில் ஒரு சொல் அனுப்ப வேண்டும்: 'நலம்'. கவலைக்குரியது ஏதேனும் இருந்தால் 'ஆசிரியர் அழைக்கவும்'. அவ்வளவுதான். ஒருமுறை அடுக்குமாடியில் தனியே இருந்த ஒரு மூதாட்டியிடம் பேசிய பையன் 'ஆசிரியர் அழைக்கவும்' என்று அனுப்பினான். விசாரித்தபோது, இரத்த அழுத்த மருந்து தீர்ந்து நான்கு நாளாகியும் மருந்தகத்திற்குப் போக அஞ்சி அவர் வீட்டிலேயே இருந்தது தெரியவந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர் அன்றே மருந்தை வாங்கிக் கொடுத்தார். பையன் செய்தது கேட்டதும் சொன்னதும் மட்டுமே. ஆனால் அவன் கேட்டிராவிட்டால் யாருக்கும் தெரிந்திராது.

2. காணாமற்போன தோழனைத் தேடுதல். இயங்கலை வகுப்பில் சில பெயர்கள் வாரக்கணக்கில் தென்படவில்லை. ஆசிரியர் பதிவேட்டில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று இருக்கும். பிள்ளைகளுக்கோ காரணம் தெரிந்திருக்கும். "அவங்க வீட்டுல ஒரே போன்தான் சார், அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். பெரியவர் அழைத்தால் எடுக்கக் கூசும் வீடு, பிள்ளையின் நண்பன் அழைத்தால் எடுக்கிறது. காரணம் தெரிந்தபின் வழி பிறக்கும். பயிற்சித் தாள்களைப் பள்ளியின் பாதுகாவலர் குடிலில் வைத்துப் பெற்றோர் எடுத்துச் செல்லும் ஏற்பாட்டினால் இப்படிச் சில பிள்ளைகள் கல்விக்குள் திரும்பினார்கள்.

3. கதை வாசித்து அனுப்புதல். மூத்த மாணவர் ஒரு சிறுகதையையோ பாடநூலின் ஒரு பகுதியையோ தம் குரலில் பதிவுசெய்து முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே வீட்டில் அடைபட்ட அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அக்காள்மார் குரல் ஆசிரியர் குரலைவிட இனித்தது. வாசித்த பிள்ளைகளின் உச்சரிப்பும் திருந்தியது. ழகரத்திற்காக ஐந்து முறை பதிவுசெய்த மாணவியர் உண்டு!

4. முதியவர்க்குச் செயலி உதவி. 2021இல் தடுப்பூசிக்குப் பதிவதற்கு மைசெஜாத்ரா செயலியை முதன்மையாக நாட வேண்டியிருந்தது. தேசிய மொழியோ ஆங்கிலமோ அறியாத, திறன்பேசியைத் தொட்டறியாத முதியவர்கள் திகைத்து நின்றார்கள். தம் வீட்டுப் பெரியவர்களுக்கு அதை விளக்கித் தமிழில் எடுத்துச் சொன்னவர்கள் பல இல்லங்களில் பிள்ளைகள்தாம். அதைக் கழகப் பணியாக ஏற்று, ஒவ்வொருவரும் தம் குடும்பத்தோடு அண்டை வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் செய்தால், அது முழுமையான சமூகச் சேவை.

5. துக்கம் விசாரித்தல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் கோவிட்-19ஆல் இறந்தோர் எண்ணிக்கை 2020 இறுதியில் 471. 2021 இறுதியில் அது 31,000ஐத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட அந்த ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் தாத்தாவையும் பாட்டியையும், சிலர் தாய் தந்தையரையும் இழந்திருப்பார்கள்! முகம் பார்த்து வழியனுப்ப முடியவில்லை. உறவினர் கூடி அழ முடியவில்லை. காரியங்களைக்கூட முறையாகச் செய்ய முடியவில்லை. நம் மரபில் இறப்பு வீட்டிற்குப் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதே ஆறுதல். அந்த வழியும் அடைபட்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கழகத் தோழர்கள் கைப்பட எழுதிய மடல்கள், படமெடுத்துப் புலனத்தில் அனுப்பப்பட்டாலும், எத்துணைப் பெரிய துணை! இரண்டு வரி போதும். "உன் பாட்டி எங்களுக்கு முறுக்கு கொடுத்தது நினைவிருக்கிறது" என்று எழுதிய பிள்ளைக்குத் தொண்டு பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வெள்ளைக் கொடி சொன்ன பாடம்

2021 ஜூன் முதல் நாள் முழு முடக்கம் தொடங்கியது. அம்மாத இறுதியில், உணவுக்கு வழியில்லாதவர்கள் வீட்டின் முன் வெள்ளைத் துணியைத் தொங்கவிடலாம் என்ற அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. கேட்கக் கூசுபவர்கள் வாய் திறவாமல் கேட்க ஒரு வழி அது. இனம் மொழி பாராமல் அண்டை அயலார் ஓடிவந்து உதவினார்கள். இந்நாட்டு மக்களின் நல்ல மனத்திற்கு அது சான்று.

அதே வேளையில், வெள்ளைத் துணி தொங்கிய வீட்டு வாசலில் உணவுப் பையைக் கொடுத்து, வாங்குபவரின் முகம் தெரியப் படமெடுத்து ஊரெங்கும் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்தப் படத்தில் நிற்கும் தாயின் பிள்ளை நம் வகுப்பில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவன் வகுப்புத் தோழர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் அந்தப் படம் இருக்கும். பசி ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்; அந்தப் படத்தின் கூச்சம் தீர எத்தனை ஆண்டாகும்?

எனவே, பள்ளித் தொண்டுக் கழகத்திற்கு ஒரு விதி உறுதியாக வேண்டும்: உதவி பெறுபவரின் முகமும் பெயரும் வீடும் எந்தப் படத்திலும் அறிக்கையிலும் வரக்கூடாது. கட்டி வைத்த பொட்டலங்களைப் படமெடுங்கள்; கட்டிய கைகளைப் படமெடுங்கள்; போதும். மேலதிகாரிகளும் அதற்கு மேல் சான்று கேட்காமல் இருப்பதே அறம். பிள்ளைகள் நாம் சொல்வதைவிடச் செய்வதையே கற்கிறார்கள். கொடுப்பது எப்படி என்று கற்பிக்கும்போதே, மறைத்துக் கொடுப்பது எப்படி என்றும் கற்பிக்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

இதைப் பேசும்போதெல்லாம் எழும் மறுப்புகள் மூன்று. அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, "ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே பெருஞ்சுமை." உண்மை. நள்ளிரவில் பயிற்சி திருத்திய ஆசிரியர்களை நான் அறிவேன். அதனால்தான் கழகத்தின் பணியை வாரம் அரைமணி நேரத்திற்கு மேல் போகாதவாறு சுருக்க வேண்டும் என்கிறேன். கூட்டம், சொற்பொழிவு, போட்டி, நிறைவு விழா அனைத்தையும் நிறுத்திவிடலாம். ஒரு பிள்ளை ஒருவரை விசாரிக்கும் அந்தச் சிறு கடமையை மட்டும் நிறுத்தக்கூடாது. என் அனுபவத்தில் அது பிள்ளையின் சுமையைக் கூட்டவில்லை. நாளெல்லாம் திரையைப் பார்த்துக் களைத்த பிள்ளைக்குத் தன் குரலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதே ஊக்கமாக இருந்தது.

இரண்டாவது, "கருவி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" இதுவும் உண்மை. கல்வி அமைச்சு 2020இல் மேற்கொண்ட ஆய்வில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் மின்கருவி எதுவும் இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டு சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறித் தேர்வு எழுதியது நாடெங்கும் பேசப்பட்டது. ஆகவே இணையத்தையே நம்பிய கழகம் ஏழைப் பிள்ளையைத் தானாகவே வெளியே தள்ளிவிடும். கருவியில்லாத பிள்ளைக்கு வேறு பணி தர வேண்டும்: பயிற்சித் தாளோடு வெற்றுத் தாளும் உறையும் வைத்துவிட்டால் அவன் மடல் எழுதுவான். அண்டை வீட்டு முதியவரிடம் கம்பிக் கதவுக்கு இப்பால் நின்று விசாரிப்பான். இவற்றுக்கு மின்கருவி வேண்டாம். பணியைப் பிள்ளைக்கேற்ப வகுப்பது ஆசிரியருக்குத் தெரியாத கலையா?

மூன்றாவது, "பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?" மிக நியாயமான கேள்வி. பிள்ளைகள் வெளியே போய்ப் பொருள் கொடுக்கக் கூடாது. அது பெரியவர் பணி. அறிமுகமில்லாதவரோடு பிள்ளையைப் பேசவிடக் கூடாது. ஒவ்வோர் அழைப்பும் பெற்றோர் அறிய நடக்க வேண்டும். பிள்ளையின் எண்ணும் முதியவரின் எண்ணும் பொதுக் குழுவில் பகிரப்படக் கூடாது. வீட்டில் அடி, வன்முறை போன்ற செய்தி ஏதேனும் பிள்ளையின் காதில் விழுந்தால், அதை அவன் தீர்க்க முயலாமல் உடனே ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் உரிய தரப்பிடம் கொண்டுசெல்ல வேண்டும். இந்த வரம்புகளைப் பள்ளி நாள்களிலேயே சொல்லிப் பழக்கினால், மூடிய நாள்களில் குழப்பம் வராது.

இப்போதே எழுதி வைப்போம்

நெருப்புப் பற்றியபின் கிணறு வெட்டுவதில் பயனில்லை. 2021 டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம் புகுந்தபோது, யார் எந்த வீட்டில் சிக்கியிருக்கிறார் என்ற செய்தியே பல உயிர்களுக்கு ஆதாரமாக இருந்தது. யார் யாரை அறிவார், யாரை எப்படித் தொடர்புகொள்வது என்ற பட்டியல் முன்பே இருந்தால் எந்தப் பேரிடரிலும் அது கைகொடுக்கும். ஆகவே, ஒவ்வொரு தொண்டுக் கழகமும் தன் ஆண்டுத் திட்டத்தோடு ஒரு தாளை இணைக்கட்டும். அதில் கீழ்க்காண்பவை இருந்தால் போதும்:

- நால்வர் நால்வராகப் பிரித்த குழுப் பட்டியல். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவர், ஒரு பெற்றோர்.
- ஒவ்வொரு மாணவரும் விசாரிக்க வேண்டிய ஒருவரின் பெயர். இதைப் பொறுப்பாசிரியர் மட்டும் வைத்திருக்க வேண்டும்.
- கிழமையில் அழைப்புக்குரிய நாளும் நேரமும்.
- கருவியில்லாத பிள்ளைகளுக்குரிய பணி, தாள் சேர்ப்பிக்கும் இடம்.
- மருந்து, உணவு வாங்கித் தரக்கூடிய பெ.ஆ.ச. உறுப்பினர் இருவர்.
- செய்யக்கூடாதவை: முகம் தெரியும் படம், பண வசூல், தனியே வெளியே செல்லுதல்.

இதைப் பேரிடர் வரும்வரை கோப்பில் உறங்க விடவும் கூடாது. பருவ விடுமுறை வாரத்தில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்திப் பார்க்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகையை நடத்துகிறோம் அல்லவா? அன்பிற்கும் ஓர் ஒத்திகை தேவைதான். விடுமுறையில் ஒருமுறை பாட்டியை அழைத்துப் பேசிப் பழகிய பிள்ளை, நெருக்கடி நாளில் தயங்காமல் அழைப்பான்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டுக் கழகத்தின் அறிக்கையைப் பார்க்கும்போது எத்தனை நடவடிக்கை, எத்தனை சான்றிதழ் என்று எண்ணுவதோடு, "இந்த மாதம் யாரைக் கண்டுபிடித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் கழகம் செய்யும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை தன் பாட்டியோடோ அண்டை வீட்டுத் தாத்தாவோடோ கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், "போய்ப் படி" என்று இடையில் வெட்டாதீர்கள். அந்தக் கால்மணி நேரமும் படிப்புதான். யூபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் நாளை நமக்கு முதுமை வந்து, வாசல் அடைபட்டு, ஒரு குரலுக்காகக் காத்திருக்கும் நாள் வந்தால், நம் பிள்ளைகள் எழுத வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்தும் வகுப்பறை தொண்டுக் கழகம். அந்த ஒரு வகுப்பறையையேனும் மூடாமல் காப்போம்.